பிரிட்டிஷ் ஹெல்மெட், அமெரிக்க ரிசீவர்: யாருக்காவது தெரியுமா?

வணக்கம், யாங்கோனிலிருந்து எழுதுகிறேன். தாத்தாவின் தகரப் பெட்டியில் விமானி ஹெல்மெட் ஒன்று கிடைத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மிங்கலடோன் விமான நிலையம் பக்கம் ரேடியோ பழுதுபார்த்தவர் அவர். விவரம் கேட்க இப்போது வீட்டில் பெரியவர்கள் யாருமில்லை.

பழுப்புத் தோல், இரண்டு காதிலும் ரப்பர் கிண்ணம். லேபிளில் பிரிட்டிஷ் விமானப்படை சரக்கு எண்ணின் தொடக்கமான '22சி/' மட்டும் தெரிகிறது. 1941 வாக்கில் வந்த அந்தப் படையின் 'டைப் சி' ஹெல்மெட் என்று நினைக்கிறேன்; முந்தைய 'டைப் பி'யில் காதுப்பகுதிக்கு ஜிப் இருக்கும். ஆனால் கிண்ணத்துக்குள் இருப்பதோ 'ஏஎன்பி-ஹெச்-1' என்று பொறித்த அமெரிக்க ரிசீவர், அதாவது ரேடியோ கேட்கும் காதொலிக் கருவி! இடது கன்னத்தில் பழைய தையலைப் பிரித்த ஊசித்துளைகள் வரிசையாகத் தெரிகின்றன. அவற்றின் மேல் மெழுகு நூலால் புதிய தோல் வார். கைத்தையல்தான், அவ்வளவு நேர்த்தி. பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இங்கிலாந்தில் இருந்த அமெரிக்க விமானிகள் டைப் சி-யில் தங்கள் ரிசீவரைப் பொருத்திக்கொண்டது தெரியும். இது போர்க்காலத்தில் மாற்றியதா, அல்லது சுதந்திரத்துக்குப் பின் ஸ்பிட்ஃபயர் போர் விமானம் ஓட்டிய பர்மிய விமானப்படையில் மாற்றியதா? வாரை, வயரை வைத்துச் சொல்ல முடியுமா? தாத்தாவின் கைவேலையாகவும் இருக்குமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

தோலுக்கு எண்ணெய் போடலாமா என்று தம்பி கேட்கிறான். நான் தொடவிடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் படம் எடுத்துப் போடுகிறேன்.