சுதந்திர தின உறுதிமொழியில கடவுள் பேரு வரணுமா? கொஞ்சம் சொல்லுங்களேன்

மலையோர டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஹட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில படிப்பிக்கிறேன், ஸ்கூல் பேரு வேணாம். பெப்ரவரி 4க்கு பிள்ளைங்க கை நீட்டி சொல்ற மாதிரி ஒரு உறுதிமொழி எழுதித் தாங்க டீச்சர்னு அதிபர் என் தலையில கட்டிட்டாரு. நானும் ராத்திரி உக்காந்து எட்டு வரி எழுதி குடுத்தேன், அதை வாசிச்சிட்டு முதல் வரிக்கு மேல சிவப்பு பேனையால "எல்லாம் வல்ல இறைவன் சாட்சியாக"ன்னு போட்டு திருப்பி குடுத்திருக்காரு.

நான் கோயிலுக்கு போறவதான், வெள்ளிக்கிழமை விரதம் தவறவிட மாட்டேன். ஆனா என் வகுப்புல இந்து பிள்ளைங்க இருக்காங்க, கத்தோலிக்கம் இருக்கு, சபைக்கு போறவங்க இருக்காங்க, டவுன்ல இருந்து வர்ற முஸ்லிம் பிள்ளைங்க நாலு பேர், யெகோவா சாட்சிங்கிற கிறிஸ்தவ பிரிவுக் குடும்பத்துப் பிள்ளை ஒண்ணு. ஒத்திகையில தரம் 7 பொடியன் ஒருத்தன் எழும்பி "டீச்சர் இறைவன்னா யாரு, எங்க பெக்டரி பக்கத்துல இருக்கிற ரோதமுனி சாமியா"ன்னு கேட்டான், எல்லாம் சிரிச்சிருச்சுங்க, எனக்கு பதில் வரல. நாட்டுக்கு விசுவாசமா இருப்பேன்னு சொல்றதுக்குள்ள சாமிய கொண்டு வரணுமா?

பண்டாரவளை ராசா

இதுல என்னா பிரச்சின? கடவுள் பேர சொன்னா நாக்கு தேஞ்சா போயிரும். இறைவன்னு பொதுவாத்தானே போட்டிருக்காரு, முருகன்னோ இயேசுன்னோ போடலியே. அவங்கவங்க சாமிய அவங்கவங்க நெனச்சுக்கட்டும். இப்ப உள்ள பிள்ளைகளுக்கு பயமே இல்ல, கொஞ்சம் பயம் வரட்டும்.

நியூஜெர்சி கொழுந்து

ராசாண்ணே சொல்ற அதே "பொதுவா போட்டா என்னா" கதைதான் அமெரிக்காவுலயும் நடந்துச்சு. நான் பொறந்தது தலவாக்கலை, இங்க வந்து பதினாறு வருசம், என் மக காலையில கிளாஸ்ல நெஞ்சில கை வச்சு கொடிக்கு உறுதிமொழி சொல்லுது. அதை 1892ல எழுதினவரு பிரான்சிஸ் பெல்லமி, அவரே ஒரு பாப்டிஸ்ட் பாதிரியார், ஆனாலும் அவரு எழுதினதுல கடவுள்ங்கிற சொல்லே கெடையாது. "கடவுளின் கீழ்"ங்கிறத 62 வருசம் கழிச்சு 1954 ஜூன் 14ல ஜனாதிபதி ஐசனாவர் கையெழுத்து போட்டுத்தான் சேத்தாங்க. சோவியத்தோட பனிப்போர் நடந்த நேரம், அவன் நாத்திகன் நாங்க கடவுள நம்புறவங்கன்னு காட்டணும், அதுக்காக புகுத்தினது. பக்திய விட அரசியல்தான் கூடன்னு நான் சொல்லுவேன்.

டீச்சர் அந்த யெகோவா சாட்சி பிள்ளைய பத்தி சொன்னதுனால இன்னொண்ணு. அவங்க பிள்ளைங்க கொடிய கும்புட மாட்டோம்னு நின்னதுக்கு ஸ்கூல விட்டு வெரட்டுனாங்க, கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயி 1943ல, உலக யுத்தம் நடக்குற நேரத்துலயே, எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தி சொல்ல வைக்க ஏலாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. அதுவும் ஜூன் 14தான், இங்க அது கொடி நாள். பிறகு கலிபோர்னியாவுல நியூடவ்னு ஒரு தகப்பன் "கடவுளின் கீழ்"ங்கிறத எடுக்க சொல்லி கேஸ் போட்டாரு, அது 2004 ஜூன் 14ல முடிஞ்சிச்சு, ஆனா அந்த சொல்லு சரியா பிழையான்னு கோர்ட் சொல்லவே இல்ல, பிள்ளையோட பொறுப்பு முழுசா உங்க கையில இல்ல, அதனால கேஸ் போட உங்களுக்கு உரித்து இல்லன்னு தள்ளிட்டாங்க. ஆகவே இன்னைக்கும் அந்த சொல்லு இருக்கு, சொல்ல மாட்டேங்கிற உரிமையும் இருக்கு. என் மக அந்த எடம் வந்தா வாய மட்டும் அசைக்கிறாளாம், ஏன்னு கேட்டா "சும்மா"ங்கிறா.

கம்பளை நானா

டீச்சர், முஸ்லிமா ஒண்ணு சொல்றேன். இறைவன்ங்கிற சொல்லுல எங்களுக்கு பிரச்சின இல்ல. ஆனா அல்லாஹ்வ சாட்சி வச்சு சத்தியம் பண்றது எங்களுக்கு வெளையாட்டு இல்ல. சத்தியத்த முறிச்சா கஃப்பாரான்னு பரிகாரம் இருக்கு, பத்து ஏழைக்கு சாப்பாடு குடுக்கணும், இல்லாட்டி உடுப்பு குடுக்கணும், அதுக்கு வசதி இல்லாட்டி மூணு நாள் நோம்பு புடிக்கணும். நீங்க பிள்ளைங்கள மைக்குக்கு முன்னால நிக்க வச்சு "ஒருபோதும் பொது சொத்தை சேதப்படுத்த மாட்டேன்"னு இறைவன் சாட்சியா சொல்ல வச்சிட்டு, பத்து மணிக்கு அவன் மேசையில பேரு வெட்டுவான், அப்ப என்னா செய்றது? நம்பிக்கை இல்லாதவன விட நம்பிக்கை உள்ளவனுக்குத்தான் இது கஷ்டம். பைபிள்லயும் சத்தியமே பண்ணாதீங்க, ஆம்னா ஆம் இல்லன்னா இல்லன்னு சொல்லுங்கன்னு மத்தேயுல இருக்குன்னு என் கூட்டாளி ஒரு ஃபாதர் சொல்வாரு.

மலையோர டீச்சர்

நானா சொன்னது நெஞ்சில பட்டுச்சு. எங்க தோட்டத்துல சங்கிலி காணாம போனா முனியாண்டி முன்னுக்கு சூடம் அணைச்சு சத்தியம் பண்ண சொல்லுவாங்க. எங்க அம்மா களவு எடுக்காட்டியும் அதுக்கு கை நடுங்குவா. அப்படி வளந்த பிள்ளைங்ககிட்ட சாட்சின்னு சும்மா சொல்லக்கூடாதுதான்.

கோர்ட் வாசல்

நான் சட்டத்தரணி ஒருத்தர்கிட்ட கிளார்க்கா இருக்கேன், ஒரு நாளைக்கு பத்து சத்தியக்கடதாசி அடிக்கிறேன். முதல் வரிய பாத்திருக்கீங்களா? "இந்துவாகிய நான் பயபக்தியுடன் உறுதியுரைப்பதாவது"ன்னு வரும். கிறிஸ்தவங்கன்னா "சத்தியம் செய்து கூறுவதாவது". ரெண்டுக்கும் சட்டத்துல ஒரே பெறுமதி. ஏன்னா மனசாட்சி எடங்குடுக்காதவன் கடவுள் மேல சத்தியம் பண்ணத் தேவையில்ல, உறுதி சொன்னா போதும். அரசியலமைப்புல பதவிக்கு வர்றவங்க எடுக்குற பிரமாணமும் அதே மாதிரி ரெண்டு சொல்லுல ஒண்ண எடுக்கலாம். 9ஆம் உறுப்புரையில பௌத்தத்துக்கு முதன்மை இடம்னு இருக்கு, 10ல சிந்தனை மனசாட்சி மத சுதந்திரம்னு இருக்கு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டுத்தான் நாடு ஓடுது. அதிபருக்கு 10ஐ காட்டுங்க.

அப்புறம் டீச்சர், அந்த யெகோவா சாட்சி பிள்ளைய முன் வரிசையில நிறுத்தாதீங்க. கேரளாவுல யெகோவா சாட்சி பிள்ளைங்க மூணு பேரு தேசிய கீதம் பாடாம மரியாதையா எழும்பி மட்டும் நின்னதுக்கு ஸ்கூல்ல இருந்து எடுத்தாங்க, 1986ல இந்திய உச்ச நீதிமன்றம் திரும்ப சேக்க சொல்லிச்சு. அது நமக்கு சட்டம் இல்ல, ஆனா சொல்லிக்காட்டலாம்.

லயத்து தாத்தா

மருமகன் டைப் பண்றான் நான் சொல்லச் சொல்ல. நான் 1946ல தோட்டத்து லயத்துல பொறந்தவன். 48ல பிரஜாவுரிமை சட்டம் வந்துச்சு, அப்பன் இங்க பொறந்ததுக்கு பத்திரம் காட்டுன்னாங்க, தோட்டத்துல யாரு அப்ப பத்திரம் எழுதுனா, காட்ட வழியில்ல. எனக்கு ரெண்டு வயசு, நாடு இல்லாதவன் ஆகிட்டேன். 1964ல நம்ம பிரதமர் சிறிமா, இந்திய பிரதமர் சாஸ்திரி ரெண்டு பேரும் உக்காந்து அஞ்சு லட்சத்து இருபத்தஞ்சாயிரம் பேரு இந்தியாவுக்கு மூணு லட்சம் பேரு இங்கன்னு பிரிச்சாங்க, மிச்சத்த பிறகு பாத்துக்கலாம்னு வச்சாங்க, என் சொந்த அண்ணன் தலைமன்னார் போயி கப்பல் ஏறுனான், நான் இங்கிட்டு. 2003ல எங்களுக்கு பிரஜாவுரிமை குடுக்கிற 35ஆம் இலக்க சட்டம் வந்த பிறகுதான் எங்க வீட்டுல எல்லாருக்கும் கடுதாசி சரியாச்சு, எனக்கு அப்ப 57 வயசு.

அம்பது வருசத்துக்கு மேல எந்த உறுதிமொழியும் எங்ககிட்ட யாரும் கேக்கல தம்பி. காலையில வேலைக்கு ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக்கு போயி பேரு குடுத்தோம், மலைக்கு போனோம், அவ்வளவுதான். இந்த நாட்டுக்கு நாங்க யாருன்னு தெரிய இறைவன் சாட்சி தேவைப்படல, தேயிலைப் பெட்டி மேல இருக்கிற பேர பாத்தாலே தெரியும். கடவுள் வேணும்னா சேத்துக்கங்க வேணாம்னா விடுங்க, அந்த எட்டு வரில "நாங்களும் இந்த நாட்டு மக்கள்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க.

பண்டாரவளை ராசா

தாத்தா சொன்னதுக்கு மேல நான் பேசல. ஆனா பயம் வேணும்ங்கிறத விட மாட்டேன்.

மலையோர டீச்சர்

தாத்தா, அந்த வரி இல்ல. எழுதும்போது தோணவே இல்ல, வெக்கமா இருக்கு. இன்னைக்கு அதிபர்கிட்ட போனேன், கோர்ட் வாசல் அண்ணே சொன்னதையும் நானா சொன்னதையும் சொன்னேன், அவரு கொஞ்ச நேரம் பேனைய உருட்டிக்கிட்டு இருந்துட்டு "அப்ப மனசாட்சின்னு போடுங்க, யாரும் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாதீங்க"ன்னாரு. யெகோவா சாட்சி பிள்ளைய அன்னைக்கு நிகழ்ச்சிக்கு படம் எடுக்க விட்டிருக்கேன், போன் குடுத்தா அவளுக்கு சந்தோசம். இப்ப தாத்தா சொன்ன வரிய மூணாவதா போட்டிருக்கேன், ரெண்டாவதா போடலாமான்னு பாத்துக்கிட்டு இருக்கேன், நாளைக்கு மழை விட்டா ஒத்திகை.