மிஸ்த்ரால் கப்பல் 1/350: அகலம் 2.4 மி.மீ. கூடுகிறது, வெல் டெக் மூடிக்கொள்கிறது, உதவி தேவை

லெபோர்_974:
வணக்கம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனிலிருந்து எழுதுகிறேன். 2020இல் கொரோனா நேரத்தில் இங்கே லெ போர் துறைமுகத்துக்கு வந்த பிரெஞ்சுக் கடற்படையின் மிஸ்த்ரால் கப்பலை பிளெண்டர் 3டி மென்பொருளில் 1:1 மீட்டரில் வரைந்து, 1/350 அளவில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி அச்சு எடுக்கப் பார்க்கிறேன். தட்டு 220 × 220 மி.மீ., நாஸில் (பிளாஸ்டிக் வெளிவரும் முனை) 0.4 மி.மீ.

எஸ்டிஎல் கோப்பை ஸ்லைசரில் (மாடலை அச்சுக்கு அடுக்கடுக்காக வெட்டும் மென்பொருள்) திறந்ததும் நீளம் 199 மி.மீ. என்று வந்தது. 285.7 சதவீதம் பெருக்கினேன். இப்போது மூன்று கோளாறு. ஒன்று, 32 மீட்டர் அகலத்துக்கு 91.4 வர வேண்டும், 93.8 காட்டுகிறது. இரண்டு, பின்பக்க வெல் டெக் (படகுகள் உள்ளே வந்து நிற்கும் அறை) வாசல் தட்டையாக அடைபட்டுவிடுகிறது. மூன்று, கைப்பிடிக் கம்பிகள் எல்லாம் காணோம். உடற்சுவருக்கு சாலிடிஃபை (தகட்டுக்குத் தடிமன் தரும் கருவி) 0.42 மீட்டர் போட்டிருக்கிறேன், அச்சில் 1.2 மி.மீ. வரட்டும் என்று.

வலைமுடிச்சு:
பெருக்கின கணக்கு சரி, 1000 ÷ 350 = 2.857. எஸ்டிஎல்லுக்கு அலகே கிடையாது. மீட்டரில் வரைந்ததை ஸ்லைசர் மி.மீ. என்று எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

93.8 − 91.4 = 2.4. அதாவது பக்கத்துக்கு 1.2. உங்கள் சாலிடிஃபை உள்ளே போகாமல் வெளியே வளர்ந்திருக்கிறது. ஆஃப்செட் −1 இருந்தும் இப்படி ஆனால் நார்மல்கள் (ஒவ்வொரு முகமும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற குறி) தலைகீழ். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்து ஷிஃப்ட் + என் அடியுங்கள். ஃபேஸ் ஓரியண்டேஷனைப் போட்டுப் பார்த்தால் வெளிப்புறம் முழுக்க நீலமாக இருக்க வேண்டும். ஒரு இடத்தில் சிவப்பு தெரிந்தாலும் விடாதீர்கள்.

ஆனால் உடலுக்கு சாலிடிஃபையே வேண்டாம் என்பதுதான் என் பேச்சு. நிஜக் கப்பல் தகட்டால் ஆனது, அதைப் பார்த்து நாமும் தகடு தகடாக வரைந்துவிடுகிறோம். அச்சுக்கு அது உதவாது. ஓட்டையில்லாத ஒரே கட்டியாகக் கொடுங்கள். சுவர் 3 வரி, இன்ஃபில் (உள்நிரப்பு) 10 சதவீதம் என்று வைத்தால் ஸ்லைசரே உள்ளே குடைந்துகொள்ளும். சாலிடிஃபை பின் கதவு மாதிரித் தனித் தகடுகளுக்கு மட்டும் போதும்.

வெல் டெக் அடைபடுவதும் இதே சங்கதி. பின்னால் ஓட்டை போட்டு, உள்ளே ஒரு பெட்டியைத் தனியாக வைத்திருப்பீர்கள். இரண்டின் விளிம்பும் ஒட்டவில்லை. ஸ்லைசர் அதைக் கிழிசல் என்று நினைத்துத் தைத்துவிடுகிறது. பெட்டியை எடுத்துவிட்டு, மூடிய உடலிலிருந்து பூலியன் டிஃபரன்ஸில் 57.5 × 15.4 மீட்டர் கட்டியைக் கழியுங்கள். கழிக்கும் கட்டி பின்புறத்தைத் தாண்டி ஒரு மீட்டராவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டு முகமும் ஒரே தளத்தில் உட்கார்ந்தால் பூலியன் குழம்பும். அதற்கு முன் கண்ட்ரோல் + ஏ, ஸ்கேல் அப்ளை. சால்வர் எக்ஸாக்ட்.

அச்சில் உள்ளளவு 164.3 × 44 மி.மீ. வர வேண்டும். சோதிக்க ஒரு வழி: வெல் டெக்கில் நிற்கும் சிடிஎம் தரையிறங்கு படகு 23.8 × 6.35 மீட்டர், 1/350இல் 68 × 18.1. இரண்டிரண்டாக நான்கு பெட்டி வைத்துப் பாருங்கள். நான்கும் தாராளமாக உட்கார வேண்டும்.

லெபோர்_974:
ஷிஃப்ட் + என் போட்டதும் பாதி உடல் சிவப்பிலிருந்து நீலமானது, முன்பக்கம் மட்டும் மாறவில்லை. கம்பிகளுக்கு என்ன செய்வது?

வலைமுடிச்சு:
முன்பக்கம் பாதிக்கு பாதி கண்ணாடிப் பிம்பமாக இணைத்த இடமா? நடுக்கோட்டில் புள்ளிகள் இரட்டையாக நிற்கும், நடுவில் ஒரு சுவரும் உள்ளே மாட்டியிருக்கும். எம் விசை, மெர்ஜ் பை டிஸ்டன்ஸ், 0.001 மீட்டர். உள்சுவரை அழித்துவிட்டு மறுபடி ஷிஃப்ட் + என். செலக்ட் மெனுவில் நான்-மேனிஃபோல்ட் (சரியாக மூடாத விளிம்புகள்) போட்டால் எதுவும் ஒளிரக் கூடாது.

டர்பன்_பிசின்:
கம்பி விஷயம் நான் சொல்கிறேன், தம்பி. 4 செ.மீ. குழாய் 1/350இல் 0.11 மி.மீ. ஆகும். 0.4 நாஸிலின் ஒரு வரிக்கே இடம் போதாது, ஸ்லைசர் விட்டுவிடும். தடிமனாக்கினால் கப்பலுக்கு வேலி போட்ட மாதிரி இருக்கும். மாடலிலிருந்து கம்பிகளை நீக்கிவிட்டு, 1/350க்கென்று விற்கும் பித்தளை எட்ச் தகட்டை (கம்பி வடிவம் அரித்தெடுத்த மெல்லிய தகடு) வெட்டி ஒட்டுங்கள். ராடார் கம்பத்தை மட்டும் ரெசின் மெஷின் வைத்திருப்பவரிடம் எடுத்துக்கொள்ளலாம்.

நீளம் 568.6, மூன்றாக வெட்டினால் துண்டுக்கு 189.5. பின்னாலிருந்து முதல் வெட்டு வெல் டெக் முன்சுவருக்கு 25 மி.மீ. தள்ளி விழுகிறது, நல்லதாகப் போயிற்று. அந்தப் பின்துண்டை வெட்டுமுகம் தட்டில் பட நிமிர்த்தி வையுங்கள். வாய் மேலே பார்த்திருக்கும், 44 மி.மீ. பாலம் தொங்கும் தொல்லை இல்லை. முன்துண்டைக் கவிழ்த்து, டெக் தட்டில் படும்படி. மேலே போகப் போக உடல் உள்ளே குறுகுவதால் சப்போர்ட் பல்பு மூக்குக்கு மட்டும்தான். நடுத்துண்டும் கவிழ்த்தே. பிரிம் (அச்சைச் சுற்றித் தட்டில் ஒட்டும் மெல்லிய விளிம்பு) 8 மி.மீ., இல்லாவிட்டால் டெக் மூலை தூக்கும். இணைக்க 3 மி.மீ. கம்பி, துளை 3.2.

இன்னொன்று. உங்கள் கரையோர ஈரக்காற்றில் பிஎல்ஏ சுருளைத் திறந்து போட்டால் நூல் நூலாக இழுக்கும், நாஸிலில் பொரியும் சத்தம் கேட்கும். 45 முதல் 50 டிகிரியில் 4–6 மணி நேரம் உலர்த்துங்கள். அச்சான துண்டை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், 60 டிகிரிக்கு அருகே பிஎல்ஏ தொய்ந்துவிடும்.

லெபோர்_974:
நன்றி அண்ணா. நீர்மட்டத்துக்குக் கீழே என்ன வைப்பது? கிடைத்த படம் ஒன்றில் இரண்டு விசிறித் தண்டும் சுக்கானும் இருக்கிறது.

வலைமுடிச்சு:
அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். இந்த வகையில் நீண்ட தண்டும் இல்லை, சுக்கானும் இல்லை. 7 மெகாவாட் வீதம் இரண்டு மெர்மெய்ட் பாட்கள் (மோட்டாரும் விசிறியும் சேர்ந்த கூடுகள்), அவையே திரும்பித் திசை மாற்றும். பாட்களைத் தனியாக அச்சடித்துக் கடைசியில் ஒட்டுங்கள். மூழ்கும் ஆழம் 6.3 மீட்டர், சிவப்பு வண்ணக் கோட்டுக்கு அடியிலிருந்து 18 மி.மீ.

ரஷ்யாவுக்கென்று கட்டி 2016இல் எகிப்துக்குப் போன இரண்டின் படத்தோடும் கலக்காதீர்கள். ரஷ்யக் காமோவ் ஹெலிகாப்டருக்காக ஹேங்கர் உயரத்தை மாற்றியவை அவை. கப்பல் எண் எல்9013, எல்9014, எல்9015 தெரியும் படங்களை மட்டும் அளவுக்கு எடுங்கள்.