புதுப்பிப்பு: ஜெனரேட்டர் ஏறி இறங்கி ஓடியதற்குக் காரணம் கார்புரேட்டர்

முன்பு கேட்டது இது: விசேஷத்துக்கு மட்டும் திறக்கும் காரைக்குடி வீட்டில் 2 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டர். ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் இன்ஜின் சத்தம் ஏறி ஏறி இறங்குகிறது, விளக்குகளும் கூடவே மங்கி மங்கி எரிகின்றன. ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் பாகம்) போயிருக்கும் என்று பலர் சொன்னீர்கள். அது இல்லை.

காற்று வழியை அடைக்கும் சோக்கைப் பாதி மூடியதும் ஓட்டம் நிதானமானது. அப்படியென்றால் பெட்ரோல் போதாமல் காற்று அதிகமாகிறது என்று அர்த்தம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில், பெட்ரோல் தேங்கும் மிதவைக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் பழுப்புப் பிசின். மாதக்கணக்கில் தேங்கிய பெட்ரோல் செய்த வேலை. எத்தனால் கலந்தது ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் போகும் நுண்துளைகளான மெயின் ஜெட், பைலட் ஜெட் இரண்டையும் கார்புரேட்டர் கிளீனர் அடித்து, ஒயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையால் குத்தி எடுக்க வேண்டும். ஊசி கூடாது, துளை பெரிதாகிவிடும். இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் திருகைத் தொடவே வேண்டாம். கோளாறு அப்படியே இருக்கும், வேகம்தான் கெடும்.

இப்போது லோடு இல்லாமல் 52 ஹெர்ட்ஸ், ஃபிரிட்ஜும் நான்கு ஃபேனும் போட்டால் வீட்டு மின்சாரத்தின் இயல்பான 50. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.7 மி.மீ. இன்ஜின் ஆயில் 10டபிள்யூ-30.

இனி வீட்டைப் பூட்டும்முன் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும் வால்வை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தின் வடிகால் திருகைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிட வேண்டும். டேங்கையும் காலி செய்வது உத்தமம்.

ஜெனரேட்டரை வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. மேலே வானம் தெரிந்தாலும் நான்கு பக்கமும் அறைகள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது. பின்கட்டுக்கு வெளியே, கதவு ஜன்னலை விட்டு குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வெளிப்பக்கம் பார்க்க வையுங்கள்.