ஏர் ரைஃபிள் கட்டைக்கு எண்ணெய் பூசி 12 நாள் ஆகிறது, இன்னும் கையில் ஒட்டுகிறது. உதவுங்கள்

கட்டைவிரல்:

வணக்கம். அப்பா வைத்திருந்த பழைய ஏர் ரைஃபிள் என் கைக்கு வந்திருக்கிறது. குழலை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் வகை, .177 (குண்டின் விட்டம், அங்குலத்தில்). குழல், ட்ரிகர் எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன. கட்டைதான் பாவமாக இருந்தது. கன்னம் பதியும் இடத்தில் வார்னிஷ் செதில் செதிலாக உரிந்திருந்தது. கை பிடிக்கும் கழுத்துப் பகுதி கன்னங்கரேல் என்று இருந்தது. அடிப்பக்கம் நாலைந்து பள்ளம், ஆழமாக ஒரு வெட்டு.

யாரையும் கேட்காமல் நானே இறங்கிவிட்டேன். முதலில் 120 எண் உப்புத்தாள், அப்புறம் அதைவிட நயமான 240. தூசியைத் துடைத்துவிட்டு லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) பிரஷ்ஷால் தாராளமாகப் பூசினேன். நாளுக்கு ஒன்றாக மூன்று பூச்சு. முதல் இரண்டு நாள் பார்க்க அவ்வளவு அழகு!

இப்போது 12 நாள் ஆகிறது. முன்கட்டை ஓரளவு காய்ந்திருக்கிறது, ஆனால் மேலே ஆடை கட்டிய பால் மாதிரி சுருக்கம். கழுத்துப் பகுதியில் விரல் வைத்தால் ரேகை அப்படியே பதிகிறது. கருப்புத் திட்டும் போகவில்லை, முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டுமா? பள்ளங்களை மரப்புட்டி வைத்து அடைக்கலாமா? இன்னொன்று, பட் தகட்டுக்கு (தோளில் பதியும் பின்முனையில் இருக்கும் தகடு) பக்கத்தில் அப்பா பையனாக இருந்தபோது ஆணியால் கீறிய ஒரு 'ப' இருக்கிறது. அது போகாமல் இதைச் சரிசெய்ய வழி உண்டா?

அரைகுறை:

நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கள், காய்ந்துவிடும். இல்லையென்றால் மேலேயே பாலியூரிதேன் ஒரு கோட் அடித்து மூடிவிடுங்கள். நான் ஒரு ஸ்டூலுக்கு அப்படித்தான் செய்தேன்.

மரத்தூள்:

அரைகுறை, அந்த ஸ்டூல் இப்போது எப்படி இருக்கிறது?

தம்பி கட்டைவிரல், பாலியூரிதேன் பக்கம் போகாதீர்கள். அடியில் ஈரம் காயாமல் மேலே எதைப் பூசினாலும் ஒட்டாது, தோல் மாதிரி உரியும். கடும் வெயிலும் வேண்டாம், மரம் பிளக்கும். முதலில் நான்கு விஷயம் சொல்லுங்கள். டப்பாவில் 'பாயில்டு' என்று போட்டிருந்ததா, வெறும் லின்சீட் ஆயிலா? பூசியபின் மிச்ச எண்ணெயைத் துணியால் துடைத்தீர்களா? கட்டையை, குழலும் ஸ்பிரிங்கும் சேர்ந்த உலோகப் பகுதியான ஆக்‌ஷனிலிருந்து கழற்றினீர்களா? எண்ணெய் துடைத்த துணிகள் இப்போது எங்கே இருக்கின்றன?

அரைகுறை:

ஸ்டூல் உரிந்துவிட்டது. ஒத்துக்கொள்கிறேன்.

கட்டைவிரல்:

டப்பாவில் வெறும் 'லின்சீட் ஆயில்' என்றுதான் இருக்கிறது. துடைக்கவில்லை, மரம் குடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கழற்றவும் இல்லை, உலோகத்தின் மேல் டேப் ஒட்டிக்கொண்டு வேலை செய்தேன். கையில் வழிந்ததைத் துடைத்த துணிகளைச் சுருட்டி அலமாரிக்குள் ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டிருக்கிறேன். நேற்றுகூட ஒன்று போட்டேன். ஏன்?

மரத்தூள்:

படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் அந்த வாளியை வெளியே எடுத்துப் போங்கள். லின்சீட் ஆயில் காற்றிலிருக்கும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டுதான் இறுகுகிறது. அப்போது சூடு பிறக்கும். விரித்த துணியில் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போகும். தீக்குச்சி இல்லாமலே துணி தானாகப் பற்றிக்கொள்ளும். ஒவ்வொன்றையும் தண்ணீரில் நனைத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிட்டு, விறைத்தபின் எறியுங்கள்.

கட்டைவிரல்:

எடுத்துவிட்டேன். நடுவிலிருந்த துணி வெதுவெதுப்பாக இருந்தது ஐயா. கை நடுங்கிவிட்டது.

மரத்தூள்:

நல்லவேளை. இனி கட்டைக்கு வருவோம்.

உங்களுக்கு ஒட்டுவது ஒரு நோய் அல்ல, இரண்டு.

முன்கட்டையில் இருக்கும் சுருக்கம் தடித்த பூச்சால் வந்தது. நீங்கள் வாங்கியது பச்சை லின்சீட். பாயில்டு என்பதில் உலோக உப்புகளைச் சேர்த்துச் சீக்கிரம் காய வைத்திருப்பார்கள் (பெயர்தான் பாயில்டு, இப்போது பெரும்பாலும் அதைக் கொதிக்க வைப்பதில்லை). பச்சை எண்ணெய் மெல்லிய பூச்சாக இருந்தாலே காய நாள்கணக்கில் ஆகும், சிலசமயம் வாரக்கணக்கில். நீங்கள் துடைக்காமல் மூன்று பூச்சு ஏற்றியிருக்கிறீர்கள். மேல்பரப்பு காற்றுப் பட்டு ஆடை கட்டிவிட்டது, அடியில் காற்று போக வழியில்லை.

கழுத்துப் பகுதிக் கதை வேறு. துப்பாக்கியை எப்படி நிறுத்தி வைத்திருந்தார் உங்கள் அப்பா? பட் கீழே, குழல் மேலே என்றால், இத்தனை வருஷமாக ஸ்பிரிங் உருளைக்குள் விட்ட இயந்திர எண்ணெய் எல்லாம் மெல்ல இறங்கி, உலோகம் உட்காரும் குழிவழியாகக் கழுத்து மரத்துக்குள் ஊறியிருக்கும். கருப்புத் திட்டு அதுதான், கை அழுக்கும் சேர்ந்திருக்கும். இயந்திர எண்ணெய் எந்தக் காலத்திலும் காயாது. அதன்மேல் லின்சீட் போட்டால் இரண்டும் கலந்து அதையும் காயவிடாது. இன்னும் ஆறு மாதம் காத்திருந்தாலும் கழுத்து ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே கழற்றியே ஆக வேண்டும். அதைச் சுருள்வில் சொல்லட்டும், ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குப் பயம் அதிகம்.

சுருள்வில்:

பயப்பட ஒன்றுமில்லை, வரிசை தப்பாமல் செய்தால் போதும். குண்டு உள்ளே இல்லை, ஸ்பிரிங் இழுத்த நிலையில் இல்லை, இரண்டையும் உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த வகையில் பெரும்பாலும் முன்கட்டையின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்குரூ, ட்ரிகர் கார்டில் ஒன்றோ இரண்டோ. அவற்றைக் கழற்றினால் ஆக்‌ஷன் முழுசாக மேலே வந்துவிடும். ஸ்பிரிங் உருளைக்குள்ளேயே அடங்கி இருக்கும். உருளையின் பின்பக்க மூடியைத் தொடாதீர்கள், அதற்குள் ஸ்பிரிங் அழுத்தத்தோடு இருக்கிறது, அதற்குத் தனிப் பிடிமானம் வேண்டும். உங்களுக்கு அந்த வேலையே இல்லை.

பழைய ஸ்குரூவின் பிளவில் சரியாகப் பொருந்தும் திருப்புளியை எடுங்கள். தளர்வானதைப் போட்டால் தலை சிதையும். அப்புறம் மரவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கண் அந்தத் தலையில்தான் போய் நிற்கும். எது எங்கிருந்து வந்தது என்று ஒரு அட்டையில் குத்தி வையுங்கள். கட்டை இல்லாமல் ஆக்‌ஷனை இழுத்துச் சுட்டுப் பார்க்கும் ஆசை வரும். வேண்டாம்.

கட்டைவிரல்:

கழற்றிவிட்டேன். உள்ளே குழி முழுக்கக் கருப்புப் பிசின். விரலால் தொட்டால் எண்ணெய். ஐயா சொன்னதுதான். பட் கீழே வைத்துக் கதவுக்குப் பின்னால்தான் அது எப்போதும் நிற்கும்.

கட்டையின் நிறம் வெளிர் பழுப்பு, அதில் சின்னச் சின்னப் பழுப்புக் கோடுகள், சீரகம் தூவின மாதிரி. என்ன மரம்?

மரத்தூள்:

பீச். அந்தச் சீரகக் கோடுதான் அடையாளம். ஏர் ரைஃபிள் கட்டையில் அதிகம் காணப்படும் மரமும் அதுதான். வால்நட் என்றால் நிறமே சாக்லேட் பக்கம் போகும், துளைகள் கண்ணுக்குத் தெரியும்.

இப்போது முகமூடி வாங்கினீர்களா என்று கேட்க வேண்டும், 120 போட்டுத் தேய்த்ததாகச் சொன்னீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. பீச் மாதிரிக் கடினமரத் தூள் மூக்குக்கு ரொம்பக் கெடுதல். என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், தெரிந்தபின் வைத்த பெயர் அல்ல.

காயாத லின்சீட்டை டர்பன்டைனில் நனைத்த நைலான் தேய்ப்பானால் தேய்த்து எடுங்கள். ஸ்டீல் வுல் வேண்டாம், இரும்புத் துணுக்கு மரத்துளையில் மாட்டிக்கொண்டு ஈரம் பட்டால் கறுக்கும். வால்நட்டில் டானின் (இரும்போடு சேர்ந்து கறுக்கும் மரச்சத்து) அதிகம் என்பதால் இன்னும் மோசம். பீச்சில் அவ்வளவு இல்லை, ஆனாலும் கெட்ட பழக்கம் எதற்கு?

பிறகு கழுத்து. சாக் பவுடரை அசிட்டோனில் குழைத்து இட்லி மாவுப் பதத்தில் கருப்பு இடத்தில் அப்புங்கள், குழிக்குள்ளும். அசிட்டோன் எண்ணெயைக் கரைத்து மேலே கொண்டுவரும், பவுடர் அதை உறிஞ்சும். வெள்ளையாக அப்பியது பழுப்பாக மாறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காய்ந்ததும் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி அப்புங்கள். ஒரே தடவையில் போகாது. வெளியே காற்றில், பக்கத்தில் நெருப்பில்லாமல், கையுறையோடு செய்யுங்கள். பட் தகடு பிளாஸ்டிக் என்றால் அசிட்டோன் அதைக் கரைத்துவிடும், அந்தப் பக்கம் ஒரு சொட்டும் போகக் கூடாது.

கட்டைவிரல்:

நான்காம் முறை முடிந்தது. முதல் தடவை பவுடர் தேநீர் நிறத்துக்கு மாறியது, பார்க்கவே திருப்தியாக இருந்தது! இப்போது வெள்ளையாகவே உதிர்கிறது. கருப்பு முக்கால்வாசி போய்விட்டது, மங்கலாக ஒரு நிழல் மட்டும் இருக்கிறது. அதையும் தேய்த்து எடுக்கவா?

மரத்தூள்:

எடுக்காதீர்கள். கழுத்து ஏற்கெனவே கட்டையிலேயே மெல்லிய இடம், அங்கே மரத்தைக் குறைத்தால் முறியும். அந்த நிழல் பிடித்த கையின் நிழல், இருக்கட்டும்.

இனி பள்ளங்கள். புட்டி வேண்டாம், பீச் மேல் அது எப்போதும் ஒட்டுப்போட்ட துணி மாதிரித்தான் தெரியும். பள்ளம் என்பது நார் அமுங்கிய இடம், எங்கும் போய்விடவில்லை. ஈரத்துணியை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள், இஸ்திரிப் பெட்டியின் நுனியைச் சில விநாடி அழுத்துங்கள், ஆவி உள்ளே போய் நார் உப்பி எழும். துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மரம் கருகும். இரண்டு மூன்று முறை செய்யலாம். வெட்டு மட்டும் எழாது, அங்கே நாரே அறுந்திருக்கிறது. அதை விட்டுவிடுவேன் நான்.

அரைகுறை:

ஆவி நிஜமாகவே வேலை செய்யும். என் ஸ்டூலில் மரம் தெரிய ஆரம்பித்ததும் அதைத்தான் பழகினேன்.

சுருள்வில்:

உப்புத்தாளை விரலில் பிடித்துத் தேய்க்க வேண்டாம், ஒரு சின்ன மரத்துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். விரல் தேய்த்தால் விளிம்புகள் உருண்டு சோப்புக்கட்டி ஆகிவிடும். உலோகம் சேரும் விளிம்பில் தாள் படவே கூடாது, அங்கே அரை மில்லிமீட்டர் போனாலும் இடைவெளி கண்ணை உறுத்தும். பட் தகட்டைக் கழற்றாமல், அதன்மேல் டேப் ஒட்டிக்கொண்டு தேய்த்தால் மரம் அதோடு சமமாக நிற்கும்.

மரத்தூள்:

சரியாகச் சொன்னார். ஆவிக்குப் பிறகு 180, பிறகு 240, நாரின் ஓட்டத்திலேயே. ஈரத்துணியால் ஒருமுறை மேலே துடையுங்கள், மயிர் மாதிரி நார் எழும், காய்ந்ததும் 240-ஆல் லேசாக வருடி எடுங்கள். அதற்குமேல் வழவழப்பாக்க வேண்டாம். பீச்சை மெருகேற்றிவிட்டால் எதையும் குடிக்காது. சாயம் போடும் எண்ணம் இருந்தால் இப்போதே சொல்லுங்கள், பீச் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும், முதலில் மெல்லிய அரக்குப் பாலிஷ் ஒன்று கொடுத்து அடைத்துவிட்டுத்தான் சாயம்.

'ப' மேல் விரலளவு டேப் ஒட்டிவிடுங்கள், அந்த இடத்தைத் தேய்க்கவே வேண்டாம். சுற்றியுள்ளதைவிடக் கொஞ்சம் கறுப்பாக நிற்கும், நின்றால் என்ன?

எண்ணெய்: இந்த முறை பாயில்டு. முதல் பூச்சுக்கு டர்பன்டைன் சமபங்கு கலந்து துணியால் தடவி, 15 நிமிஷம் கழித்து மேலே ஒரு சொட்டும் தெரியாமல் துடைத்துவிடுங்கள். கை வைத்தால் காய்ந்த மரம் மாதிரி இருக்க வேண்டும். அடுத்த பூச்சுக்கு 24 மணி நேரமாவது, ஈரமான பருவமென்றால் இன்னும் அதிகம். ஐந்தாறு பூச்சு. உள்ளே ஆக்‌ஷன் உட்காரும் குழிக்கும் இரண்டு மெல்லிய பூச்சு கட்டாயம், இல்லையென்றால் மறுபடி இயந்திர எண்ணெய் குடிக்கும். துணிகள் விஷயம் இனிச் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கட்டைவிரல்:

சாயம் வேண்டாம் ஐயா, மரத்தின் நிறமே பிடித்திருக்கிறது. துணிகளை எண்ணி எண்ணி விரிக்கிறேன்.

கட்டைவிரல்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஆறு பூச்சு முடிந்து, நேற்று ஆக்‌ஷனை மாட்டினேன். எங்கும் ஒட்டவில்லை. நாலு பள்ளம் எழுந்துவிட்டன, ஒன்று பாதி எழுந்து நின்றுவிட்டது. வெட்டு அப்படியே இருக்கிறது. கழுத்தில் நிழல் தெரிகிறது, ஆனால் இப்போது அது அழுக்கு மாதிரி இல்லை. ஒரே குறை: மாட்டியபின் சுட்டால் குண்டு முன்பைவிடச் சிதறிப் போகிறது. முன்கட்டை ஸ்குரூக்களை இறுக்கினேன், பத்து முறை சுட்டதும் மறுபடி தளர்கின்றன.

சுருள்வில்:

ஸ்பிரிங் துப்பாக்கிக்கு அது சகஜம், முன்னும் பின்னும் உதைக்கும், ஸ்குரூ தளரும். உங்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். ஸ்குரூத் தலை உட்காரும் குழியில் பழைய வார்னிஷைச் சுரண்டியிருப்பீர்கள், புது எண்ணெய்ப் படலம் அமுங்கிக்கொடுக்கும். ஒவ்வொரு இருபது முறைக்கும் ஒருதரம் பதமாக இறுக்கிப் பாருங்கள், மரம் நொறுங்கும் அளவுக்கு வேண்டாம். சீக்கிரம் நிலைபெறும். பெறாவிட்டால் தலைக்கு அடியில் பல்வாஷர் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பல் வைத்த வளையம்) இருந்ததா என்று அந்த அட்டையைப் பாருங்கள்.

கட்டைவிரல்:

அட்டையில் இரண்டு வாஷர் இன்னும் குத்தியபடி இருக்கின்றன.