பைன் பலகையில் ரேகை எடுப்பாகத் தெரிய எதைப் பூசலாம்?

சீவுளி:
படிக்கிற மேசைக்கு மேல்பலகை, பைன் மரம். 120, 150, 180 என்று உப்புத்தாள் போட்டாயிற்று. மிச்சத் துண்டில் வால்நட் ஸ்டெயின் (மரச்சாயம்) பூசினால் திட்டுத்திட்டாகப் பிடிக்கிறது. அதைவிட விநோதம், வெளிர் பட்டைகள் கறுத்து, இயல்பிலேயே கறுத்த கோடுகள் வெளிறித் தெரிகின்றன. வாட்டர் பேஸ்டு பி.யு. (தண்ணீர் கலந்த பாலியூரித்தேன் வார்னிஷ்) பூசிய துண்டு சுத்தமாக இருக்கிறது, ஆனால் சோகை பிடித்தாற்போல. நிறம் பெரிதாக மாற வேண்டாம், ரேகை எழுந்து நின்றால் போதும். சூடான டம்ளரும் ஈரமும் படுகிற மேசை.

மரத்தூள்:
பைனில் ஸ்டெயின் போட்டால் அப்படித்தான் ஆகும். வெளிர் பட்டை மென்மையானது, நிறமியை உறிஞ்சிக்கொள்ளும். கறுத்த கோடு கெட்டியானது, எதையும் உள்ளே விடாது. அதனால் ரேகை தலைகீழாகிவிடுகிறது.

உங்களுக்கு வேண்டியது சாயம் இல்லை. காய்ந்த மரத்தின் மேல்பரப்பில் இருக்கும் நுண்துளைகளில் காற்று அடைந்திருக்கிறது. வெளிச்சம் அங்கேயே சிதறுவதால்தான் மரம் மங்கலாகத் தெரிகிறது. எண்ணெயோ அரக்கோ (ஷெல்லாக்) அந்த இடத்தை நிரப்பினால் வெளிச்சம் சற்று உள்ளே போய்த் திரும்பும், ரேகைக்கு ஆழம் வரும். வாட்டர் பேஸ்டு அந்த அளவுக்கு நாரை நனைப்பதில்லை.

முதலில் துணியில் மினரல் டர்பன்டைன் நனைத்துப் பலகையைத் துடையுங்கள். ஈரம் காய்வதற்குள் தெரிகிற தோற்றம்தான், கிட்டத்தட்ட, நிறமில்லாத பூச்சு தரப்போகும் தோற்றம். குறுக்கே விழுந்த உப்புத்தாள் கீறல்களும் அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்.

கொட்டாப்புளி:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். பைனில் ஆளிவிதை எண்ணெயும் கணு ஓரங்களில் திட்டாக இறங்கும், போகப்போக மஞ்சளும் ஏறும். நான் அரக்கைத்தான் சொல்வேன், அதிலும் மெழுகு நீக்கிய வெளிர் அரக்கு. சாதாரண அரக்கில் மெழுகு உண்டு, அதன்மேல் பி.யு. சரியாகப் பிடிக்காமல் பின்னால் உரியும்.

ஒரு லிட்டர் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் அரக்குச் செதில். கண்ணாடி ஜாடியில் ஓர் இரவு ஊறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா கூடாது, கரைசல் கறுக்கும். பலகையை 220 வரை தேய்த்துத் தூசி துடைத்தபின் ரேகையோடு ஒரே இழுப்பாகப் பூசுங்கள். போன இடத்துக்குத் திரும்பிப் போனால் பாதி காய்ந்த அரக்கு இழுபட்டுத் தழும்பாகும். ஒரு மணி நேரம் கழித்து 320ல் லேசாகத் தடவி இரண்டாவது கோட். கணுவிலிருந்து பிசின் கசிவதையும் இது அடைக்கும்.

அரக்கோடு நிறுத்திவிடாதீர்கள். சூடு பட்டால் வெள்ளை வளையம் விழும். மேலே ஆயில் பேஸ்டு பி.யு. வார்னிஷில் சம அளவு டர்பன்டைன் கலந்து, துணியால் மெல்லிசாக நாலைந்து கோட். ஒவ்வொன்றும் இரவு முழுக்கக் காயட்டும்.

சீவுளி:
கையில் வாட்டர் பேஸ்டுதான் இருக்கிறது. அரக்கின் மேல் அதைப் பூசலாமா?

கொட்டாப்புளி:
தாராளமாக. மெழுகு நீக்கிய அரக்கு என்றால் இரண்டும் பிடிக்கும். சோகைத் தோற்றமும் வராது, நாரை அரக்கு ஏற்கெனவே நனைத்துவிட்டது. ஈரத்தில் நார் சிலிர்க்கும் தொல்லையும் குறைவு.

மரத்தூள்:
அரக்கு விஷயம் சரி, பைனுக்கு அதுவே பத்திரம். வேறு மரத்தில் எண்ணெய் போடுகிறவர்களுக்கு மட்டும்: தாராளமாகத் தடவி, 15 நிமிடத்தில் மிச்சத்தை முழுக்கத் துடைத்தெடுங்கள். விட்டால் பிசுபிசுப்பு நாள்கணக்கில் போகாது. எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

இழைப்பான்:
இன்னும் தூக்கலாக வேண்டுமென்றால் பூசும் முன் பித்தளைக் கம்பி பிரஷால் ரேகையோடு அழுத்தித் தேய்க்கலாம். மென்பட்டை குழிந்து கெட்டிக்கோடு மேடாகும். எழுதும் மேசைக்கு இது ஒத்துவராது, பேனா தடுக்கும். ரேகையே இல்லாத மரத்தில் எதைப் பூசினாலும் ரேகை வராது, அங்கே மெனக்கெடாதீர்கள்.

ஒன்று விட்டுப்போகிறது. அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் கோட் கொடுங்கள். மேலே மட்டும் பூசினால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கி, பலகை வளைந்துவிடும்.