சிக்னல் ஜெனரேட்டர்: −20 படியில் அவுட்புட் கூடுதலாக வருகிறது, பிரீசெட்டைத் திருப்பலாமா?

பெரம்பூர் பெஞ்ச்:
ரிட்சி தெருவில் பழைய சிக்னல் ஜெனரேட்டர் (சோதனைக்கான ரேடியோ சிக்னலை உண்டாக்கும் கருவி) ஒன்று வாங்கினேன். 50 ஓம் அவுட்புட். குமிழைத் திருப்பினால் 10 டெசிபல் படிகளாகக் குறையும். சிக்னலைக் குறைக்கும் பகுதியான அட்டெனுவேட்டருக்குள் 10, 20, 40, 40 டெசிபல் என நான்கு பேடுகள் (ரெசிஸ்டர் தொகுப்புகள்). 50 ஓம் டெர்மினேஷன் (கேபிள் முனையில் போடும் ரெசிஸ்டர்) போட்டு, 10 மெகாஹெர்ட்ஸில் ஆசிலோஸ்கோப்பில் பார்த்தேன். 0 டிபிஎம்மில் (அதாவது ஒரு மில்லிவாட்) உச்சிக்கு உச்சி 632 மில்லிவோல்ட், −10இல் 200; இரண்டும் சரி. −20இல் 63 வர வேண்டியதற்கு 107 வருகிறது. −30இலும் அதே விகிதத்தில் கூடுதல். −40, −50 ஒழுங்காக இருக்கின்றன. நண்பரின் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால் −60இல் மறுபடியும் கூடுகிறது. உள்ளே ‘லெவல்’ என்று ஒரு பிரீசெட் (திருப்பிச் சரிசெய்யும் சிறு ரெசிஸ்டர்) இருக்கிறது. அதைக் குறைத்தால் போதுமா? சர்வீஸ் மேனுவல் கிடைக்கவில்லை.

குரோம்பேட்டை:
பழைய கருவி என்றால் பிரீசெட் நகர்ந்திருக்கும். −20இல் வைத்து 63க்கு இறக்கிவிடுங்கள்.

தாம்பரம் ஹாம்:
ஐயோ, வேண்டாம் சார்! அந்த பிரீசெட் அட்டெனுவேட்டருக்கு முன்னால் இருப்பது, எல்லாப் படிகளுக்கும் பொது. திருப்பினால் சரியாக இருக்கும் 0, −10, −40 எல்லாம் கெடும். கோளாறு எங்கே என்று உங்கள் அளவுகளே காட்டிக்கொடுக்கின்றன. −20, −30, −60 மூன்றிலும் பொதுவாக இருப்பது 20 டெசிபல் பேடு. −70, −100, −110 படிகளிலும் இதே பிழை இருக்கும், பாருங்கள்.

20 டெசிபல் பை பேடில் (π வடிவில் மூன்று ரெசிஸ்டர்கள்) இருபுறமும் 61.1 ஓம், நடுவில் 247.5 ஓம். அவுட்புட் பக்கத்து 61.1 அறுந்துபோனால் 20க்குப் பதில் சுமார் 15.4 டெசிபல்தான் குறையும். 632ஐ அவ்வளவு குறைத்தால் உங்கள் 107 வந்துவிடும்.

கருவியை அணைத்து, குமிழை −20இல் வைத்து, அவுட்புட் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வையுங்கள். நல்ல பேடு என்றால் 51 ஓம் அளவில் காட்டும். அறுந்திருந்தால் 275 முதல் 309 வரை. சாக்கெட்டுக்கு முன் கப்பாசிட்டர் இருந்தால் மட்டும் இந்தச் சோதனை செல்லாது.

பெரம்பூர் பெஞ்ச்:
308 ஓம்! −70இலும் நீங்கள் சொன்ன பிழை அப்படியே இருக்கிறது. ஆனால் இது எப்படி அறுந்திருக்கும்?

தாம்பரம் ஹாம்:
முன்பு வைத்திருந்தவர் ஏதோ டிரான்ஸீவரின் ரிசீவரைச் சோதிக்கும்போது பேசும் பொத்தானை அழுத்தியிருப்பார் என்பது என் ஊகம். 5 வாட் வாக்கி-டாக்கி போதும். அதில் சுமார் 4 வாட் அந்த ஒரே ரெசிஸ்டரில் இறங்கும். கால் வாட் ரெசிஸ்டர் எத்தனை நொடி தாங்கும்?

தனி ரெசிஸ்டர்களால் ஆன பேடு என்றால் 68 ஓமுடன் 620 ஓமை இணையாகப் போடுங்கள், 61.3 வரும். ஒரு சதவீத சிப் ரெசிஸ்டர் நல்லது. கம்பிக்கால் உள்ளது 10 மெகாஹெர்ட்ஸில் சரியாகக் காட்டும், 400இல் ஏமாற்றும். பீங்கான் தகட்டில் படலமாக அச்சிட்ட பேடு என்றால் பற்றவைக்க முயல வேண்டாம், பேடையே மாற்றுங்கள்.

குரோம்பேட்டை:
சரி, என் யோசனையை விட்டுவிடுங்கள். மாற்றிய பிறகு சான்றிதழ் வேண்டுமென்றால் திருவான்மியூரில் மத்திய அரசின் எலக்ட்ரானிக்ஸ் சோதனை மையம் இருக்கிறது.

தாம்பரம் ஹாம்:
வீட்டு பெஞ்சுக்குச் சான்றிதழ் எதற்கு? ஆனால் −100க்குக் கீழே அளப்பதற்கு முன் அட்டெனுவேட்டர் மூடியின் திருகுகள் அத்தனையும் மாட்டுங்கள். ஒன்றிரண்டு விட்டுப்போனாலும் இடுக்கு வழியாகக் கசியும் சிக்னல், குமிழில் காட்டுவதைவிடப் பெரியதாக இருக்கும்.