பேச்சுவழக்குப் பாரசீகம்: புத்தகம் ஒன்று சொல்கிறது, வீட்டில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள்

யோங் தெரு வாசி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். நான் டொரோண்டோ பக்கம் முதியவர்களை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கும் வேலை செய்கிறேன். இப்போது ரிச்மண்ட் ஹில்லில் ஓர் ஈரானிய அம்மாவைப் பார்த்துக்கொள்கிறேன். எண்பதைத் தாண்டியவர், தெஹ்ரானில் பிறந்து வளர்ந்தவர். கொஞ்சம் ஆங்கிலம் தெரிந்திருந்தது, அதுவும் இப்போது நினைவில் இருந்து போய்க்கொண்டிருக்கிறது. மகள் வேலைக்குப் போனால் வீட்டில் நானும் அவரும்தான். அவருக்காகத்தான் பாரசீகம் படிக்கத் தொடங்கினேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், பாடப்புத்தகத்திலும் பாதியைத் தாண்டிவிட்டேன்.

ஆனால் அந்த அம்மா கதைக்கும் மொழி புத்தகத்தில் இல்லை. 'போகிறேன்' என்பதற்குப் புத்தகத்தில் 'மீரவம்' என்று இருக்கிறது, அவர் 'மீரம்' என்கிறார். நான் கேட்பது அவருக்கு விளங்குகிறது, அவர் சொல்லும் பதில்தான் எனக்குப் பிடிபடவில்லை. மகளோ, "செய்தி வாசிப்பவர் மாதிரி அழகாகப் பேசுகிறீர்கள்" என்கிறார். எனக்குச் செய்தி வேண்டாம். எங்கே வலிக்கிறது, மருந்து எடுத்தாச்சா, குளிருதா என்று அவர் வீட்டுப் பேச்சிலேயே கேட்க வேண்டும். புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேச்சை மட்டும் பிடிக்கவா? இல்லை, புத்தகத்தை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போகணுமா?

பாளையங்கோட்டை மீனா எழுதியது:

வணக்கம். கணவர் வேலை காரணமாகத் தெஹ்ரானில் பல வருடம் இருந்தேன். இலக்கணம் படித்தது அங்கே தெஹ்கோதா நிறுவனத்தில். பேசப் படித்தது காய்கறிக் கடையிலும் பக்கத்து வீட்டிலும்.

புத்தகத்தை விட்டுவிடாதீர்கள். அது முடியட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம், இரண்டையும் சேர்த்தே ஓட்டுங்கள். 'போகிறேன்' என்று எழுதிவிட்டு 'போறேன்' என்று பேசுகிறவர்கள் நாம். மீரவம் மீரம் ஆவதும் அதே மாதிரிதான், அதைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

உங்களுக்குத் தினமும் தேவைப்படும் ஒரு வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். 'மருந்து சாப்பிட்டீர்களா?' புத்தகம் இப்படிச் சொல்லும்: 'ஆயா தாரூஹாயெதான் ரா கொர்தீத்?' அந்த அம்மாவின் வீட்டில் அது 'தாரூஹாதூனோ கொர்தீன்?' என்று வரும். கேள்விக்கு முன்னால் நிற்கும் 'ஆயா' காணாமல் போய்விட்டது, குரலை ஏற்றினாலே கேள்விதான். 'உங்கள்' என்று பொருள் தரும் '-யெதான்' சுருங்கி '-தூன்' ஆனது. நம்முடைய 'ஐ' உருபு செய்யும் வேலையைச் செய்யும் 'ரா', ஒரு குட்டி 'ஒ'வாகி முன் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. வினையின் கடைசியில் '-ஈத்' போய் '-ஈன்' வந்தது. இந்த ஒரு வாக்கியத்தை வாய் பழகும்வரை சொல்லுங்கள். பேச்சுவழக்கின் பெரும்பகுதி இதற்குள்ளேயே இருக்கிறது.

ஆன், ஆம் என்ற ஒலி வரும் சொற்களில் அந்த ஆகாரம் ஊகாரமாவதைத்தான் அடிக்கடி கேட்பீர்கள். ரொட்டி 'நான்' அல்ல, 'நூன்'. வீடு 'கானெ' அல்ல, 'கூனெ'. மழை 'பாரூன்', நம்ம பாதாம் 'பாதூம்'. தெஹ்ரான்காரர்கள் தங்கள் ஊரையே 'தெஹ்ரூன்' என்பார்கள். ஆனால் ஈரானைப் பொதுவாக 'ஈரூன்' என்று சொல்வதில்லை, சலாமும் சலாமாகவே இருக்கும். அதனால் விதியை வைத்து நீங்களாக மாற்றாதீர்கள். யாராவது சொல்லிக் காதில் விழுந்த சொல்லை மட்டும் மாற்றுங்கள்.

அப்புறம் வினைகள். சொல்கிறேன் என்பது 'மீகூயம்', பேச்சில் 'மீகம்'. வேண்டும் என்பது 'மீகாஹம்', பேச்சில் 'மீகாம்'. ஆகிறது என்பது 'மீஷவத்', பேச்சில் 'மீஷெ'. இப்படிச் சுருங்கும் வினைகள் கொஞ்சம்தான், ஆனால் நாள் முழுக்க வருவது அவைதான். ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டுங்கள். மற்ற வினைகளில் 'அவர் செய்கிறார்' வடிவத்தின் '-அத்', '-எ' ஆகிவிடும். எங்கே வலிக்கிறது என்று கேட்க, 'கொஜாதூன் தர்த் மீகொனெ?'

பாடப்புத்தகங்கள் அதிகம் சொல்லாத ஒன்று, சொற்களின் வரிசை. எழுத்தில் வினை கடைசியில் நிற்கும். பேச்சில் போகுமிடம் வினைக்குப் பின்னால் வரும், 'க்கு' என்பதற்கான 'பெ'யும் விழுந்துவிடும். 'பெ பாஸார் மீரவம்' என்பது 'மீரம் பாஸார்' ஆகிவிடும். நாளைக்குப் போவேன் என்பதற்கும் 'ஃபர்தா மீரம்' போதும், புத்தகத்தில் வரும் எதிர்கால வடிவத்தை வீட்டில் யாரும் தொடுவதில்லை. போய்க்கொண்டிருக்கிறேன் என்பது 'தாரம் மீரம்'. இதற்கு எதிர்மறை கிடையாது, 'நெமீரம்' என்றால் முடிந்தது. பதில் பிடிபடாததற்கு ஒலியைவிட இந்த வரிசைதான் காரணம் என்று நினைக்கிறேன்.

தேரா கடைக்காரர் எழுதியது:

சகோதரி, மேலே சொன்னது எல்லாம் தெஹ்ரான் பேச்சு. உங்கள் அம்மா தெஹ்ரான்காரர் என்பதால் கவலையில்லை. நான் துபாய் தேராவில் மசாலா வியாபாரத்தில் இருக்கிறேன். இங்கே ஈரானியர் பலர் தெற்கு ஈரானில் உள்ள லார், பஸ்தக் பக்கத்துக்காரர்கள். அவர்கள் தங்களுக்குள் பேசுவது பாரசீகமே அல்ல, தனி மொழி. ஆனால் தெஹ்ரான் பேச்சில் கேட்டால் அத்தனை பேரும் அதே பேச்சில் பதில் சொல்வார்கள். வானொலி, தொலைக்காட்சி, படம் என்று எல்லாவற்றிலும் கேட்டுக் கேட்டுப் பழகியது. அதனால் முதலில் அதைப் படிப்பதுதான் சரி.

மரியாதையை மட்டும் கவனியுங்கள். பேச்சுவழக்கு என்றதும் ஒருமையில் இறங்கிவிடக் கூடாது. 'தோ' என்பது நீ, அந்த அம்மாவிடம் எப்போதும் 'ஷொமா'. அவரைப் பற்றி மகளிடம் சொல்லும்போது 'ஊன்' வேண்டாம், 'ஈஷூன்' என்று சொல்லி வினையையும் பன்மையில் வையுங்கள். 'அவங்க சொன்னாங்க' என்று நாம் சொல்வதுபோல, 'ஈஷூன் கொஃப்தன்'.

யாராவது எதையாவது கையில் கொடுத்தால், தேநீரோ பழமோ, 'தஸ்தெதூன் தர்த் நகொனெ' என்று சொல்லுங்கள். உங்கள் கை வலிக்காதிருக்கட்டும் என்று அர்த்தம். 'மெர்சீ'யும் சொல்வார்கள், ஆனால் பெரியவர்களுக்கு முன்னது மனசுக்கு நெருக்கமாக இருக்கும்.

கூட்டாஞ்சோறு எழுதியது:

இலக்கணத்தில் நான் சேர்க்க ஒன்றுமில்லை, ஒரு வழி மட்டும் சொல்கிறேன். அவரிடம் சமையல் கேளுங்கள். வயதானவர்களுக்கு அண்மைச் சங்கதி மறந்தாலும், கொர்மெ சப்ஸி (கீரைக் குழம்பு) எப்படி வைப்பது என்பது மறக்காமல் இருக்கலாம். பக்கத்து வீட்டு ஈரானியப் பாட்டியிடம் நான் அப்படித்தான் காது பழக்கினேன். 'பியாஸோ தஃப்த் மீதீம்' (வெங்காயத்தை வதக்குகிறோம்), 'லூபியாரோ அஸ் ஷப் கீஸ் மீகொனீம்' (பயறை ராத்திரியே ஊறவைக்கிறோம்) என்று அவர் கையைக் காட்டிக் காட்டிச் சொல்லுவார். கீரையை எவ்வளவு நேரம் வறுக்கணும், உலர்ந்த எலுமிச்சையை எப்போது போடணும் என்று மறுபடி மறுபடி கேட்கலாம். அவர் சலிக்கவே மாட்டார். ஒரே வினைகள் திரும்பத் திரும்ப வருவதால் சுருக்கங்கள் தானாகக் காதில் ஏறிவிடும். மகளின் அனுமதியோடு கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு, வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் கேளுங்கள்.

யோங் தெரு வாசி எழுதியது:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. 'தாரூஹாதூனோ கொர்தீன்?' என்று இன்றைக்குக் கேட்டேன். "கொர்தம், மாதர்" என்று உடனே பதில் வந்தது, முழுதாக விளங்கிய பதில். 'மாதர்' என்றால் அம்மா, ஆனால் அவர் என்னைத்தான் அப்படிக் கூப்பிடுகிறார். நம் வீடுகளில் பிள்ளையைப் பார்த்து 'வாம்மா' என்கிற மாதிரியே இருந்தது.

இன்னுமொரு கேள்வி. மகள் அனுப்பும் குறுஞ்செய்திகளில் சொற்கள் அகராதியில் கிடைப்பதில்லை. அவர் பேச்சை அப்படியே எழுதுகிறாரா?

பாளையங்கோட்டை மீனா எழுதியது:

ஆமாம். நாளிதழும் அலுவலகக் கடிதமும் எழுத்து வழக்கில்தான் இருக்கும், குறுஞ்செய்தியில் எல்லாரும் பேசுவதை அப்படியே எழுதுவார்கள். அதற்கு நிலையான எழுத்துமுறை இல்லை. அந்த 'ரா'வை ஒருவர் சொல்லோடு ஒட்டி எழுதுவார், இன்னொருவர் 'ரோ' என்று பிரித்து எழுதுவார். சிலர் பாரசீகத்தை ஆங்கில எழுத்திலேயே அனுப்புவார்கள். வாய்விட்டுப் படியுங்கள், கண்ணுக்குத் தெரியாத சொல் காதுக்குத் தெரியும். பிடிபடாத வரிகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.